சுரப்பிகளின் கதை – 17: பழகிவிட்டதா எலி?

1936 ஜூலை 4 அன்று ‘நேச்சர்’ இதழில், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற கடிதம் ஒன்று வந்தது என்பதோடு போன வாரம் நிறுத்தினோம். எழுதியவர் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செலியே. அப்போது அவருக்கு வயது 29.

குளிரில் கிடந்த எலி, ஓடிக் களைத்த எலி, கத்தி பட்ட எலி, ஃபார்மலின் ஊசி ஏறிய எலி. பட்ட பாடு வேறு வேறு. உடலைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே கதைதான்: அட்ரினல் சுரப்பி பெருத்திருக்கும், தைமஸ் சுருங்கியிருக்கும், இரைப்பையில் புண் இருக்கும்.

அந்தப் பகுதியைப் படித்துவிட்டுத் தென்னேரியிலிருந்து ஒரு பட்டு நெசவாளர் எழுதியிருக்கிறார். “ஐயா, முதல் நாள் எலிக்கு அதிர்ச்சி என்பது சரி. இருபதாம் நாள் என்ன ஆகும்? என் தம்பி கைத்தறியை விட்டுவிட்டு விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போனான். முதல் வாரம் ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, காதுக்குள்ளேயே தறி ஓடுகிறது என்றான். இப்போது கூடத்திலேயே ஒரு மூலையில் படுத்துத் தூங்குகிறான். தறி நின்றால்தான் விழித்துக்கொள்கிறான். எலிக்கும் இப்படிப் பழகிப்போகாதா?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆய்வுக்கூடங்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. இன்னும் சொல்லி முடித்தபாடில்லை. ஆகவே இந்த வாரத்துக்கென்று வைத்திருந்த பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த எலியின் பின்னால் போகிறேன்.

தராசும் ஒரு ஊகமும்

செலியேயின் கடிதத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்த மூன்று அடையாளங்களைத்தான். என் கண்ணில் பட்டது வேறு ஒரு வாக்கியம். பிட்யூட்டரியைப் பற்றியது.

எலியின் பிட்யூட்டரி மூளையின் அடியில் தொங்குகிறது. எடை சுமார் 10 மில்லிகிராம். அதை எலியைக் கொல்லாமல் தொண்டை வழியாக எடுத்துவிடும் வித்தையை அமெரிக்கரான ஃபிலிப் ஸ்மித் 1930 வாக்கில் செம்மைப்படுத்தியிருந்தார். பிட்யூட்டரி எடுக்கப்பட்ட எலியை என்ன பாடு படுத்தினாலும் அதன் அட்ரினல் பெருப்பதில்லை. ஆக, அட்ரினல் தானாக ஆடவில்லை. ஆட்டுவிப்பது மேலே இருக்கும் 10 மில்லிகிராம்.

இதிலிருந்து செலியே ஒரு தாவு தாவினார். துன்பம் தொடங்கி 48 மணி நேரம் கடந்ததும் எலி ஒரு இரண்டாம் கட்டத்துக்குள் நுழைகிறது என்றார். அந்தக் கட்டத்தில் பிட்யூட்டரி தன் வேலைத் திட்டத்தையே மாற்றிக்கொள்கிறது: வளர்ச்சி ஹார்மோன், இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் ஹார்மோன்கள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் மூன்றையும் நிறுத்துகிறது, அட்ரினலையும் தைராய்டையும் தூண்டுகிறவற்றை அதிகமாக்குகிறது. இந்த இரண்டையும் அவசரகால ஹார்மோன்கள் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

வளர்வதும் பெருகுவதும் பிறகு ஆகட்டும், முதலில் உயிரோடு இரு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

ஆனால் 1936-ல் இந்த ஐந்தில் ஒன்றைக்கூட எலியின் ரத்தத்தில் அளக்க வழியில்லை. எலி வளரவில்லை, ஆகவே வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்க வேண்டும். விந்தகம் சுருங்கிவிட்டது, ஆகவே அதைத் தூண்டுவது குறைந்திருக்க வேண்டும். உறுப்பைத் தராசில் நிறுத்து ஹார்மோனை ஊகித்த காலம் அது.

நெசவாளரின் கேள்விக்கும் கடிதத்தில் ஒரு பதில் இருந்தது. ஆமாம், எலி பழகிக்கொள்ளும். துன்பம் நீடித்தாலும் உறுப்புகள் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பும். ஆனால் ஒன்று முதல் மூன்று மாதங்களில் அந்தத் தாங்குசக்தி தீர்ந்துபோய், முதல் நாள் கண்ட அதே அடையாளங்களோடு எலி சாகும். இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் பின்னாளில் ‘சோர்வுக் கட்டம்’ என்று பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. சுரப்பிகளின் கையிருப்பு காலியாகிவிடுகிறது என்று பலர் அதற்குப் பொருள் சொன்னார்கள்.

கையிருப்பு காலியாகிறதா? அதைப் பார்க்க முதலில் அளவுகோல் வேண்டும்.

கூண்டைத் திறந்தாலே ஏறும் ஹார்மோன்

அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனுக்கு ஏசிடிஎச் என்று பெயர். 1940-களில் அதை அளப்பதற்கும் ஒரு எலிதான் தேவைப்பட்டது. பிட்யூட்டரி எடுக்கப்பட்ட எலிக்குள் மாதிரியை ஏற்றி, அதன் அட்ரினலில் வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். ஜார்ஜ் சேயர்ஸ் குழுவினர் 1948-ல் வகுத்த முறை. ஒரு எலிக்கு என்ன நேர்ந்தது என்று அறிய இன்னொரு எலி.

திருப்பம் நியூயார்க் பிராங்க்ஸில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960 வாக்கில் இன்சுலினுக்கென்று கண்டுபிடித்த கதிரியக்க எதிர்ப்பொருள் முறையை 1968-ல் ரத்த ஏசிடிஎச்சுக்கும் கொண்டுவந்தார்கள். துளித் துளி ரத்தத்தில் ஹார்மோனைத் தேடலாம் என்றானது. பெர்சன் 1972-ல் இறந்துவிட்டார்; 1977-ல் யாலோ நோபல் பரிசு பெற்றபோது அவர் இல்லை.

அளவுகோல் வந்துவிட்டது. எலி ஒத்துழைக்கவில்லை.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கூண்டின் மூடியைத் திறக்கிறீர்கள். எலிக்கு அது ஒரு சம்பவம். கையை உள்ளே விடுகிறீர்கள், அது இன்னொரு சம்பவம். ஏசிடிஎச் சில நிமிடங்களுக்குள் ஏறிவிடும். கார்ட்டிகோஸ்டீரோன், அதாவது நம் கார்ட்டிசாலின் வேலையை எலியில் செய்யும் அட்ரினல் ஹார்மோன், மூன்று நிமிடத்தில் ஏறத் தொடங்கும். கூண்டை ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாலே போதும், எலியின் ‘அமைதி நிலை’ அளவு கெட்டுவிடும்.

நேரமும் கணக்கில் உண்டு. எலி இரவில் நடமாடும் பிராணி. அதன் கார்ட்டிகோஸ்டீரோன் பொழுது சாயும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், காலையில் தாழ்ந்திருக்கும். காலையில் ஒரு கூண்டையும் மாலையில் ஒரு கூண்டையும் அளந்து ஒப்பிட்டால் ஒன்றும் தேறாது.

அதனால் ஆய்வுக்கூடங்கள் இரண்டு வழிகளைப் பழகின. ஒன்று, கூண்டிலிருந்து எடுத்த சில நொடிகளுக்குள் தலையைத் துண்டித்து ரத்தம் சேகரிப்பது. மற்றொன்று, சில நாள் முன்பே கழுத்துச் சிரையில் மெல்லிய குழாய் பொருத்தி, எலி தன் கூண்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து ரத்தம் எடுப்பது. எழுதுவதற்கு எனக்கு உவப்பான விஷயமில்லை. இன்று இந்தியாவில் இத்தகைய ஆய்வு எதற்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அன்று பல இடங்களில் அப்படி ஒரு குழு கிடையாது.

செலியேயின் மதிப்பெண்

அளவுகோல் வந்ததும் 1936-ன் ஊகத்தைத் திருத்த முடிந்தது. ஏசிடிஎச் ஏறும் என்றார், சரி. இனப்பெருக்க ஹார்மோன்கள் குறையும் என்றார்; சரி. வளர்ச்சி ஹார்மோன் குறையும் என்றார், எலியில் சரி. மனிதனில் அது திடீர் நெருக்கடியின்போது ஏறுகிறது. எலியைப் பார்த்து மனிதனுக்கு எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஏறும் என்றார். தவறு, எலியில் பெரும்பாலான நெருக்கடிகளில் அது இறங்குகிறது. குளிர் மட்டும் விலக்கு. புரோலாக்டின் நிற்கும் என்றார். அதுவும் தவறு; நெருக்கடியில் ஏசிடிஎச்சோடு சேர்ந்து பாய்ந்து ஏறுகிற ஹார்மோன் அது.

ஐந்துக்கு மூன்று. தராசை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்த மதிப்பெண் என்று பார்த்தால் குறைவில்லை.

முதல் நாள், பத்தாம் நாள்

இனி நெசவாளரின் எலிக்கு வருவோம்.

சோதனை எளிமையானது. எலி திரும்ப முடியாதபடி ஒரு குழாய்க்குள் அடைப்பார்கள். அடி இல்லை, ஊசி இல்லை, பசி இல்லை. அசைய முடியாது, அவ்வளவுதான். முதல் நாள் ஏசிடிஎச் அரை மணிக்குள் உச்சிக்குப் போகும். மறுநாள் அதே நேரம், அதே குழாய். அதற்கடுத்த நாளும். பத்தாம் நாள் வாக்கில் அதே குழாயில் அதே எலியின் ஏசிடிஎச் முன்போல் ஏறுவதில்லை. புரோலாக்டினும் அப்படியே அடங்குகிறது.

நெசவாளர் சொன்னது சரிதான். எலி பழகிவிட்டது.

எல்லாத் துன்பமும் இப்படிப் பழகுவதில்லை. வலி தரும் உப்புக்கரைசல் ஊசியைத் தினமும் போட்டால் ஏசிடிஎச் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். எது பழகும், எது பழகாது என்பதற்கு ஒரு துப்பு குரங்குகளிடமிருந்து வந்தது. வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் ஜான் மேசன் குரங்குகளைப் பட்டினி போட்டார். அட்ரினல் ஹார்மோன் ஏறியது. பசியின் விளைவு என்றுதான் செலியே வழி வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். மேசனுக்குச் சந்தேகம். பட்டினிக் குரங்குகள் பக்கத்துக் கூண்டுகளில் மற்றவை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தனவே! அவற்றைத் தனியறைக்கு மாற்றி, சுவையுள்ள, ஆனால் சத்தில்லாத உருண்டைகளைக் கொடுத்தார். வயிற்றுக்குள் ஊட்டம் எதுவும் போகவில்லை. ஹார்மோனும் பெரிதாக ஏறவில்லை.

1971-ல் மேசன் இதை எழுதியபோது செலியேயின் அடித்தளத்திலேயே விரிசல் விழுந்தது. பிட்யூட்டரியைக் கிளப்புவது உடற்துன்பம் என்பதைவிட, எனக்கு ஏதோ நடக்கிறது என்ற மிரட்சி. புதிதாக, முன்கூட்டித் தெரியாததாக, கைமீறியதாக இருப்பதுதான் காரணம் என்றால், பத்தாம் நாள் குழாய் அந்த மூன்றில் முதல் இரண்டையும் இழந்துவிட்டது.

இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தவர்களும் உண்டு. லண்டனில் பால் வில்னர் 1987-ல் எலிகளுக்குச் சில்லறைத் தொல்லைகளாகக் கொடுத்தார். ஒருநாள் கூண்டு சரிந்திருக்கும். ஒருநாள் படுக்கை ஈரம். ஒருநாள் இரவு முழுக்க விளக்கு. ஒருநாள் அறிமுகமில்லாத கூட்டாளி. ஒன்றும் பெரிதில்லை, ஆனால் எது எப்போது என்று எலிக்குத் தெரியாது. சில வாரங்களில் அந்த எலிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர்கூட ருசிக்காமல் போனது.

விசைத்தறி ஒரே தாளத்தில் ஓடுகிறது. தம்பி தூங்குவதில் வியப்பில்லை. ஆர்டர் வருமா, கூலி எப்போது கைக்கு வரும் என்று தெரியாத அண்ணனின் நிலை என்ன என்று நான் அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை.

புதிய குழாய்

இதுவரை படித்தால் கதை முடிந்ததுபோல் இருக்கும். ஹார்மோன் அடங்கிவிட்டது, எலி தப்பித்தது.

ஆனால் அந்தப் ‘பழகிய’ எலியைத் திறந்து பார்த்தால் அட்ரினல் இன்னும் பெருத்தே இருக்கிறது. தைமஸ் சுருங்கியே இருக்கிறது. ரத்தத்தில் ஏசிடிஎச் ஓய்ந்திருக்கும்போது அட்ரினல் ஏன் ஓயவில்லை?

இந்த முரண்பாட்டைக் கலிஃபோர்னியாவில் மேரி டால்மன் விடவில்லை. 1973-லேயே அவரும் மார்டின் ஜோன்ஸும் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். அதைச் சொல்வதற்கு முன் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடலாம். அதற்கு நெசவாளரின் ஊர் ஏரியே போதும்.

தென்னேரி காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. மதகைத் திறப்பதும் மூடுவதும் நீர்க்கட்டியின் வேலை. தண்ணீர் வேண்டும் என்று ஊர் சொன்னால் திறப்பார். கடைமடை வயல் நிரம்பியதும் ஆள் வந்து ‘போதும்’ என்பான், மூடுவார். மூளையின் ஹைபோதலாமஸ் பகுதிதான் உத்தரவு போடும் ஊர். 1981-ல் வைலி வேல் குழுவினர் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான செம்மறியாட்டு மூளைத் துண்டுகளிலிருந்து பிரித்தெடுத்த, 41 அமினோ அமிலங்கள் கொண்ட சிஆர்எச் அந்த உத்தரவு. பிட்யூட்டரி நீர்க்கட்டி, ஏசிடிஎச் பாயும் தண்ணீர். கார்ட்டிகோஸ்டீரோன்தான் திரும்பிப் போய்ப் ‘போதும்’ என்று சொல்லும் ஆள்.

டால்மனும் ஜோன்ஸும் கண்டது இதுதான். வெளியிலிருந்து கார்ட்டிகோஸ்டீரோனை ஊசியாக ஏற்றினால், அடுத்து வரும் நெருக்கடிக்கு எலி குறைவாகவே பதில் கொடுக்கிறது. ‘போதும்’ என்ற சொல் வேலை செய்கிறது. அதே அளவு கார்ட்டிகோஸ்டீரோன் ஒரு நெருக்கடியால் எலியின் உடலுக்குள்ளேயே சுரந்திருந்தால், அடுத்த நெருக்கடிக்கான பதில் குறைவதில்லை. அதாவது நெருக்கடி ஏதோ ஒரு தடயத்தை விட்டுவிட்டுப் போகிறது. அந்தத் தடயம் ‘போதும்’ என்ற சொல்லை ஈடுகட்டிவிடுகிறது.

அது எங்கே ஒளிந்திருக்கிறது? 1998-ல் சீமா பட்நாகரும் டால்மனும் எலிகளைத் தினமும் சில மணி நேரம் குளிரில் வைத்தார்கள். ஏழு நாள். குளிருக்கு எலிகள் பழகின. எட்டாம் நாள், அவை அதுவரை கண்டிராத குழாய்க்குள் அடைத்தார்கள்.

குளிருக்குப் பழகிய எலியின் ஏசிடிஎச், நிம்மதியாக இருந்த எலியைவிட அதிகமாகப் பாய்ந்தது.

கவனியுங்கள். அந்த எலியின் காலை அளவுகளை மட்டும் பார்த்திருந்தால் இயல்பானது என்று எழுதி மூடியிருப்போம். கையிருப்பு காலியாகவும் இல்லை. பழைய தொல்லைக்கு வாயை மூடிக்கொண்ட சுரப்பி, புதிய தொல்லைக்கு முன்னைவிடச் சத்தமாகப் பேசியது. செலியேயின் ‘சோர்வு’ வகுத்த பாதையில் எலி போகவில்லை.

இரண்டாவது உத்தரவு

இதற்கு வேதியியல் விளக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துண்டு துண்டாகக் கிடைத்தது.

1982-ல் லண்டனில் கில்லீஸ், லின்டன், லோரி மூவரும் சிஆர்எச்சோடு வாசோபிரெசின் என்ற இன்னொரு ஹார்மோன் சேர்ந்தால் பிட்யூட்டரி பல மடங்கு ஏசிடிஎச் விடுகிறது என்று காட்டினார்கள். வாசோபிரெசினை நாம் ஆறாம் பகுதியில் சந்தித்திருக்கிறோம். சிறுநீரகத்தில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோன். அதற்கு இங்கே என்ன வேலை என்று அப்போது பலருக்கும் புரியவில்லை.

1991-ல் ஆம்ஸ்டர்டாமில் டில்டர்ஸ் குழுவினர் நெருக்கடியை நாள்தோறும் அனுபவித்த எலிகளின் ஹைபோதலாமஸ் நரம்பு முனைகளை ஆராய்ந்தார்கள். சிஆர்எச் மட்டும் இருந்த நரம்பு முனைகளில் இப்போது வாசோபிரெசினும் சேமிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கிரேட்டி அகிலேரா பிட்யூட்டரியின் பக்கமிருந்து பார்த்தார். சிஆர்எச்சை வாங்கும் ஏற்பிகள் அங்கே குறைந்திருந்தன. வாசோபிரெசினை வாங்கும் ஏற்பிகள் கூடியிருந்தன. வாசோபிரெசின் வழியாக வரும் தூண்டுதல் கார்ட்டிகோஸ்டீரோனின் தடைக்கு அவ்வளவாக அடங்குவதில்லை என்பதும் தெரியவந்தது.

ஆக, நெடுநாள் நெருக்கடியில் ஊர் உத்தரவு போடும் ஆளையே மாற்றிவிடுகிறது. புதிய ஆள் ‘போதும்’ என்ற குரலுக்கு அவ்வளவாகக் காது கொடுக்காதவன். மதகு வெளிப்பார்வைக்கு மூடியே இருக்கிறது. அடுத்த முறை திறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

தரமணியின் சத்தம்

நெசவாளர் கேட்டது சத்தத்தைப் பற்றி. அவர் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத சென்னை தரமணியிலேயே எலியும் சத்தமும் சந்தித்திருக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனத்தில், உடலியங்கியல் பேராசிரியர் ஏ. நமசிவாயத்தின் வழிகாட்டலில், 1990-களில் வெள்ளெலிகளை 100 டெசிபல் இரைச்சலுக்கு உட்படுத்தினார்கள். 1997-ல் கே. செம்புலிங்கம், பிரேமா செம்புலிங்கம், நமசிவாயம் மூவரும் வெளியிட்ட கட்டுரை, இரைச்சல் எலியின் கார்ட்டிகோஸ்டீரோனை ஏற்றுகிறது என்றும், துளசி இலைச் சாற்றை முன்கூட்டியே கொடுத்தால் அந்த ஏற்றம் தணிகிறது என்றும் சொன்னது. செம்புலிங்கம் தம்பதியின் பெயரை மருத்துவ மாணவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்; முதலாண்டில் தூக்கிச் சுமக்கும் உடலியங்கியல் பாடநூல் அவர்களுடையது.

2005-ல் அதே நிறுவனத்திலிருந்து ஷீலா தேவி குழுவினர் இரைச்சலை ஒரு நாள், 15 நாள், 30 நாள் என்று நீட்டி, மூளையின் நரம்புவேதிப் பொருட்களைப் பகுதி பகுதியாக அளந்தார்கள். 30 நாள் ஆனபிறகும் மூளை பழைய கணக்குக்குத் திரும்பிவிடவில்லை.

துளசியைப் படித்ததும் வாசகர்கள் கொல்லைப்புறத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம். அது எலிக்கு அளந்து கொடுத்த சாராயச் சாறு. தவிர, தரமணியில் அளந்தது அட்ரினலின் ஹார்மோனை. பிட்யூட்டரி என்ன செய்தது என்பதை அதிலிருந்து பின்னோக்கித்தான் ஊகிக்க வேண்டும். டால்மன் காட்டிய முரண்பாட்டுக்குப் பிறகு அந்த ஊகத்தை எச்சரிக்கையோடுதான் செய்ய முடியும்.

பெங்களூருவின் பத்து நாள்

ஊர் ஏன் ஆளை மாற்றுகிறது? ஹைபோதலாமஸுக்கு மேலேயும் அதிகாரிகள் உண்டு.

1968-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன், அட்ரினல் நீக்கப்பட்ட எலிக்குக் கதிரியக்கம் ஏற்றிய கார்ட்டிகோஸ்டீரோனைச் செலுத்தி, அது மூளையில் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தார். ஹைபோதலாமஸில் தங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அது குவிந்த இடம் ஹிப்போகாம்பஸ், நினைவுகளைப் பதிவு செய்யும் பகுதி. ‘போதும்’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டு ஹைபோதலாமஸை அடக்குவதில் அதற்கும் பங்கு உண்டு என்று பிறகு தெளிவானது. அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது அமிக்டலா, அச்சத்தின் இருப்பிடம். அது ஹைபோதலாமஸைக் கிளப்பிவிடும்.

1992-ல் மெக்யூவன் ஆய்வகம் மூன்று வாரம் அடைபட்ட எலியின் ஹிப்போகாம்பஸ் நரம்புச் செல்களில் கிளைகள் சுருங்கியிருப்பதைக் காட்டியது. 1995-ல் பெங்களூரு நிம்ஹான்ஸில் டி.ஆர். ராஜு குழுவினரும் அதே பகுதியில் நெருக்கடி செய்யும் மாற்றங்களை எண்ணிப் பார்த்து எழுதினார்கள். ஆனால் அமிக்டலா?

அதே நகரத்தில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், சுமந்திர சட்டர்ஜியின் ஆய்வகத்தில் அஜய் வியாஸ் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். எலி அசைய முடியாத பைக்குள் தினம் இரண்டு மணி நேரம், பத்து நாள். பிறகு மூளையைக் கோல்ஜி முறையில் சாயமேற்றி மெல்லிய சீவல்களாக்கினார்கள். அந்த முறையின் அழகு, ஆயிரக்கணக்கான செல்களில் ஒரு சில மட்டும் தலையிலிருந்து கடைசிக் கிளை வரை கறுத்து நிற்கும். மற்றவை கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு கிளையையும் நுண்ணோக்கியில் தொடர்ந்து சென்று வரைந்து, நீளம் அளக்க வேண்டும். கண்ணும் கையும் நோகும் வேலை.

ஹிப்போகாம்பஸ் கிளைகள் எதிர்பார்த்தபடியே சுருங்கியிருந்தன. அமிக்டலாவின் கிளைகள் நீண்டிருந்தன. புதிதாகப் பிரிந்தும் இருந்தன.

2002-ல் இது அச்சேறியது. நெருக்கடி என்றால் தேய்மானம் என்றே அதுவரை பேச்சு. இங்கே அதே எலி, அதே பத்து நாள். பிட்யூட்டரியை அடக்கச் சொல்லும் பகுதி தேய்ந்தது, கிளப்பச் சொல்லும் பகுதி வளர்ந்தது. பழகிய எலி புதிய குழாயில் ஏன் அப்படி அலறியது என்பதற்கு மூளையின் உடலமைப்பிலேயே ஒரு விடை தென்பட்டது. முழு விடை என்று நான் சொல்ல மாட்டேன். பட்நாகரும் டால்மனும் கைகாட்டியது தலாமஸின் நடுக்கோட்டில் உள்ள இன்னொரு சிறு பகுதியை. அதன் கணக்கு தனி.

அடுத்து இயல்பாக எழும் கேள்வியை வியாஸும் சட்டர்ஜியும் 2004-ல் கேட்டார்கள். தொல்லையை நிறுத்திவிட்டால்? எலிகளைப் பத்து நாள் கட்டிப்போட்டு, பிறகு 21 நாள் சும்மா விட்டார்கள். கூண்டு, உணவு, தண்ணீர், இருட்டு, வெளிச்சம். யாரும் தொடவில்லை. ஹிப்போகாம்பஸ் கிளைகள் அந்த அவகாசத்தில் மீளக்கூடியவை. அமிக்டலா மீளவில்லை. 21 நாள் கழித்தும் கிளைகள் நீண்டே இருந்தன. எலியின் மிரட்சியும் குறையவில்லை.

இத்தனை சோதனைகளிலும் ஆய்வாளர்கள் ஓர் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டே போன விஷயம் ஒன்று உண்டு. ஒரே இனம், ஒரே வயது, ஒரே தீவனம், ஒரே குழாய். ஆனாலும் எல்லா எலிகளும் ஒரே மாதிரி பதில் கொடுப்பதில்லை. ஒன்றின் ஏசிடிஎச் ஏறிய வேகத்தில் இறங்கிவிடுகிறது. இன்னொன்றுக்கு மணிக்கணக்காகிறது. வரைபடத்தில் சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும் நீளும் அந்தச் சிறு கோடுகளைப் பிழை என்று தள்ளிவிட்டுப் போவதுதான் வழக்கம்.

1990-களில் ஒருவர் தள்ளவில்லை. அவர் இருந்ததும் செலியே இருந்த அதே மெக்கில் பல்கலைக்கழகம்தான். பெயர் மைக்கேல் மீனி. குழாய்க்குள் போவதற்கு வெகுநாள் முன்பே, எலி கண்கூடத் திறந்திராத முதல் வாரத்திலேயே இந்த வித்தியாசம் முடிவாகிவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியது. அந்த வாரத்தில் எலிக்குஞ்சின் உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஜீவன், அதன் தாய்.

தாய் செய்தது என்ன? அல்லது செய்யாமல் விட்டது என்ன?

(அடுத்த வாரம்)